கவசம் உதிர்க்கும் சுருள்

சற்று முன் இந்தக் கூடத்தில் உரத்துப் பேசிவிட்டுப் படியிறங்கிப் போனவன் என் தம்பி. அவன் சார்பில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நரம்பியல் மருத்துவரின் அறைக்கு வெளியே, நோயாளிகள் அமர்ந்திருக்கும் இடத்தில், அந்தக் குரல் பொருத்தமானதன்று. எங்கள் வீட்டில் யாரும் அப்படி வளர்க்கப்படவில்லை.

உட்காருங்கள். பையை நான் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் கணவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அரை மணி ஆகும் என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. அப்படியானால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டது கடைசி ஐந்து நிமிடம் மட்டும். அதை மட்டும் கேட்டவர்கள் என்னைப் பற்றித் தவறான முடிவுக்கு வர வாய்ப்பிருக்கிறது.

என் பெயர் நவமணி. வயது எழுபத்தாறு. அரசின் மொழிபெயர்ப்புப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் சட்டங்களையும் விதிகளையும் தமிழாக்கம் செய்தேன். ஆகவே சொற்களில் நான் கவனமானவள். தம்பி ஆசீருக்கு எழுபத்திரண்டு. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள் பெனிட்டா, கோயம்புத்தூரில் இருக்கிறாள். பாளையங்கோட்டையில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே இரண்டு தெருக்கள்.

இனி நான் சொல்லப்போவது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. சிரிக்காதீர்கள். சிரிப்பதற்குரிய விஷயமாக இருந்திருந்தால் நாங்கள் இந்தக் கூடத்துக்கு வந்திருக்க மாட்டோம்.

பெனிட்டா போட்டுக் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு அது. பூமிக்கு அடியில் தளம் தளமாக ஒரு பாதாளம். ஒரு வீரன் இறங்கிக்கொண்டே போக வேண்டும். படங்கள் கிடையாது; எல்லாம் எழுத்துகள். நாய் ஓர் எழுத்து, பூதம் ஓர் எழுத்து. அதனால்தான் எனக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். வீரன் இறந்தால் இறந்ததுதான். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மறுபடி முதல் தளம், புதிய வீரன், வெறும் கை.

வழியில் சுருள்கள் கிடைக்கும். மந்திரம் எழுதிய காகிதச் சுருள். அதன் மேல் ஒரு பெயர் இருக்கும், ஆனால் அந்தப் பெயருக்கு எந்தப் பொருளும் இராது. எழுத்துகளைக் கலைத்துப் போட்டதுபோல் இருக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் பெயர்கள் மாறிவிடும். சென்ற முறை கற்றது இந்த முறை உதவாது. ஒரு சுருள் வீரனுக்கு வழி காட்டும், ஒன்று அவனைக் காப்பாற்றும், ஒன்று அவனைக் கெடுக்கும். எது எது என்று அறிய ஒரே உறுதியான வழி, அதை வாசிப்பது. வாசித்த பிறகு அறிந்து பயனில்லை.

ஒரே வீரனை நாங்கள் இருவரும் சேர்ந்து வளர்த்தோம். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, என் வீட்டுக் கம்ப்யூட்டரில். ஒருவர் ஆடும்போது மற்றவர் பின்னால் நிற்கக்கூடாது. முதல் வாரத்திலேயே வந்த விதி அது. நான் பின்னால் நின்றால் தனக்கு வியர்க்கிறது என்று அவன் சொன்னான். அவன் நாட்களில் நான் நூலகத்துக்குப் போய்விடுவேன்.

ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர வேண்டும் அல்லவா? அதற்கு ஆசீர் தன் ரயில்வே வழக்கத்தைக் கொண்டுவந்தான். ஸ்டேஷனில் ஒரு மாஸ்டர் வேலை முடித்துப் போகும்போது எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் தண்டவாளம் காலி என்று எல்லாவற்றையும் டைரியில் எழுதிக் கையெழுத்திடுவார். அடுத்து வருபவர் அதைப் படித்து, பொறுப்பேற்றேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். "டைரியில இருக்கத நம்பணும்க்கா. ஜன்னலுக்கு வெளிய எட்டிப் பாத்து வண்டிய எண்ணிட்டு இருக்கக்கூடாது. அப்படி எண்ணுனா முந்தின ஆள அவமானப்படுத்துன மாதிரி," என்பான். நீளமான நோட்டு ஒன்று வாங்கிவந்தான். வீரனின் உடல்நிலை, ஆயுதம், கவசம், கையிருப்புச் சுருள்கள். நான் எழுதி ஒப்பமிட, அவன் பொறுப்பேற்க. அவன் எழுத, நான் பொறுப்பேற்க.

சென்ற பிப்ரவரியில் எங்கள் வீரன் பதினேழாவது தளத்தில் இருந்தான். அதற்கு முன் நாங்கள் ஒன்பதைத் தாண்டியதில்லை. நான்காவது தளத்தில் கிடைத்த ஒரு வெள்ளிக் கவசம்தான் காரணம். ஆசீர் அவனை "நம்மாளு" என்றே அழைப்பான். காலையில் பால் வாங்கப் போகும்போது என் ஜன்னலில் தட்டி, "நம்மாளு எப்படி இருக்கான்?" என்று கேட்பான். பக்கத்து வீட்டார் எங்களுக்கு ஏதோ தூரத்து உறவினர் வந்து தங்கியிருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தளத்தில் ஒரு சுருள் கிடைத்தது. பெயர் வழக்கம்போல் பொருளற்றது. பாதாளத்தில் கடைகள் உண்டு. அங்கே கொண்டுபோனால் கடைக்காரன் ஒரு விலை சொல்வான். அந்த விலையை வைத்து அது மூன்று வகைகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று நான் கணித்தேன். இரண்டு நன்மை தருபவை. மூன்றாவது, அணிந்திருக்கும் கவசத்தைப் பொடியாக்கிவிடும்.

"கவசத்தக் கழட்டி வச்சிட்டு வாசிச்சுப் பாப்போம்க்கா," என்றான் ஆசீர். "கெட்டதா இருந்தா உதிர ஒண்ணும் இருக்காதுல்லா? உடம்புல சட்டையே இல்லன்னா எதக் கிழிக்கப் போவுது?"

நான் மறுத்தேன். அந்த நன்மைகளில் ஒன்று கவசத்தை வலுவாக்கும் சுருள். கழற்றி வைத்துவிட்டு வாசித்தால் அந்த நன்மை வீணாகும். ஆகவே முற்றிலும் தெரிகிற வரையில் வாசிக்கக்கூடாது என்று சொன்னேன். பதினைந்து நாட்கள் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பதினைந்து நாட்கள் நான் மறுத்தேன். "இது என்னக்கா, கெசட்டா? காகிதச் சுருளு. படிக்கத்தான அது?" என்று ஒருநாள் கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமல் போனான். அவசரம் கூடாது என்பதற்காக நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தேன்: இருவரும் சேர்ந்து முடிவு செய்யாமல் எந்தச் சுருளும் வாசிக்கப்படலாகாது. இருவரும் ஒப்பமிட்டோம்.

மார்ச் ஆறாம் தேதி, புதன்கிழமை, அந்தச் சுருள் வாசிக்கப்பட்டது.

என்னால்தான். புதன் என் நாள் என்று முன்பே சொன்னேன்.

ஏன் என்று கேட்டால், எனக்கு எழுத்து என்றால் அது வாசிக்கப்பட வேண்டும். பதினைந்து நாட்களாக ஓர் எழுத்து என் வீட்டில் வாசிக்கப்படாமல் கிடந்தது. கணக்குப்படி மூன்றில் இரண்டு நன்மை. கவசத்தோடு வாசித்தால்தான் முழுப் பயன். வலுவான கவசத்தோடு மறுநாள் அவனிடம் ஒப்படைத்தால் அவன் மகிழ்வான் என்று நினைத்தேன். விதி இருந்தது, உண்மை. அந்த விதி ஆசீரின் அவசரத்தைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது. எழுதியவள் நான். விதியின் நோக்கம் எழுதியவருக்குத் தெரியும்.

கவசம் தூசியாகி உதிர்ந்தது. திரையில் ஒரே வரி. அவ்வளவுதான்.

இப்போது நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதிவை நான் ஆட்டத்துக்கு முன்பே எழுதிவைத்துவிடுவது வழக்கம். என் ஆட்டத்தில் பெரும்பாலும் எதுவும் மாறுவதில்லை. நான் பார்த்து நடப்பவள். அன்றும் எழுதிவிட்டேன். கவசம்: அணிந்துள்ளான். வாசிக்கப்படாத சுருள்: ஒன்று. ஒப்பம். மையில் எழுதியது. அந்த நோட்டில் என் பக்கங்களில் ஓர் அடித்தல் கிடையாது, நீங்கள் வேண்டுமானால் பார்க்கலாம். அன்று மாலை ஆசீர் தும்மிக்கொண்டிருந்தான். மறுநாள் வரமாட்டான் என்று எண்ணினேன். வெள்ளிக்கிழமை என் ஆட்டத்தில் வேறொரு கவசம் தேடிவிட்டால் பதிவு சரியாகிவிடும்.

அவன் வந்தான். தும்மிக்கொண்டே வந்தான். பொறுப்பேற்றேன் என்று எழுதினான். திரையின் கீழ் விளிம்பில் கவசத்தின் பலம் ஓர் எண்ணாகக் காட்டப்படும். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை. டைரியில் எழுதியிருந்தது அல்லவா? நேராகப் பதினெட்டாவது தளத்துக்கு இறங்கினான். பூதம் ஒன்று அடித்த மூன்றே அடிகளில் எல்லாம் முடிந்தது.

நான் நூலகத்திலிருந்து திரும்பியபோது அவன் திரைக்கு முன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வீரன் இறந்தால் அவனிடம் என்னென்ன இருந்தது, எந்தெந்தச் சுருள்களை அவன் அறிந்திருந்தான் என்று விளையாட்டே பட்டியல் தரும். கவசம் உதிர்க்கும் சுருள் என்பது அறிந்தவற்றின் வரிசையில் இருந்தது. கவசம் இல்லை. நோட்டில் இரண்டும் இருந்தன.

"அக்கா," என்றான். "நான் சுருள வாசிச்சிருக்கேன்."

நூலகப் புத்தகங்களை மேசையில் அடுக்கி வைத்தேன்.

"வாசிச்சிருக்கேன்க்கா. பதினஞ்சு நாளா அதே நெனப்பு. உக்காந்ததும் வாசிச்சிருக்கேன். ஆனா எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு துளி ஞாபகம் இல்ல. என்னக்கா இது?"

பாருங்கள், நான் பொய் சொல்லவில்லை. அவன் கேட்டது, என்ன இது என்று. அது என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவனுக்குக் காய்ச்சல். காய்ச்சலில் சொல்வது முறையன்று. அடுத்து பெரிய வெள்ளி வந்தது. தவக்காலத்தில் ஒருவனுக்குக் கோபமூட்டக்கூடாது. பிறகு பெனிட்டா வந்தாள். மகள் முன்னிலையில் எப்படிச் சொல்வது? அவள் போன பிறகு, அவன் தானாகவே ஏற்றுக்கொண்டுவிட்ட ஒன்றைத் திரும்பக் கிளறுவது அநாகரிகமாகப் பட்டது.

அதற்குள் அவன் மாறத் தொடங்கியிருந்தான். காஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போவான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்து இழுப்பான், நான்கு முறை, ஐந்து முறை. ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தினான். கோவிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவன், வரி தவறிவிடும் என்று விலகிக்கொண்டான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசையாமல் என்னைப் பார்த்தான். "முப்பத்தாறு வருசம்க்கா. ஒரு வண்டியக்கூடத் தப்பா விட்டதில்லன்னு சொல்லிட்டுத் திரியுதேன். விட்டிருப்பேனோ? விட்டுட்டு மறந்திருப்பேனோ? யாரோ முழிச்சிருந்து காப்பாத்தியிருப்பாங்களோ?" என்றான்.

சோறு ஆறுகிறது, சாப்பிடு என்றேன்.

நான் அவனைக் கைவிடவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டுக் கொடுத்தேன். அவன் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டினேன்: அடுப்பு, விசிறி, குழாய், பூட்டு. மதியம் தினமும் என் வீட்டில் சாப்பிட வைத்தேன். உள்ளதைச் சொன்னால், அந்த நான்கு மாதங்களில் அவன் எனக்கு நன்றாக ஒத்துழைத்தான். சிறுவயதுக்குப் பிறகு அவன் என் சொல்லை இவ்வளவு கேட்டதே இல்லை. எதை வாங்கலாம், எப்போது படுக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் "அக்கா சொல்லு" என்பான். அது ஒருவகையில் எங்கள் இருவருக்கும் நிம்மதியாகவே இருந்தது.

இருந்தது என்றுதான் நினைத்தேன்.

சென்ற வாரம் பெனிட்டாவுக்கு அவன் கடிதம் எழுதினான். போனில் அல்ல, கடிதம். வந்து என்னை அழைத்துக்கொண்டு போ, வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம், அக்காவுக்கு இந்த வயதில் நான் பாரமாக இருக்கக்கூடாது என்று. பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தான். ஒரு சந்திப்பிழை இருந்தது. திருத்தினேன். அவள் உடனே போன் செய்து, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் மறதி நோய் என்று சொன்னால் மறுநாளே வந்து அழைத்துப்போகிறேன் என்றாள். அப்படித்தான் இன்று வந்தோம்.

அவனை உள்ளே அழைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை, எனக்குக் கேட்டது. மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பூட்டு, மாம்பழம், ஊஞ்சல். கடிகாரம் வரையச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அதைத் தடையின்றிச் செய்தான். பிறகு அந்த மூன்று சொற்களைத் திரும்பக் கேட்டபோது இரண்டுதான் சொன்னான். ஊஞ்சலை விட்டுவிட்டான். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு மூன்றும் நினைவிருந்தன. எனக்கு உடனே, பார்த்தாயா, ஏதோ இருக்கத்தான் இருக்கிறது, எல்லாம் என்னால் வந்ததன்று என்று தோன்றியது. தோன்றியதை மறைக்க மாட்டேன். ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்போதுதான் சிஸ்டர் இந்தப் படிவத்தை என்னிடம் கொடுத்தார். நோயாளியுடன் இருப்பவர் நிரப்ப வேண்டியது. முதல் கேள்வி: மறதி முதன்முதலில் எப்போது கவனிக்கப்பட்டது? நிகழ்ச்சியையும் தேதியையும் குறிப்பிடவும். கீழே, நான் அறிந்தவரை மேற்கண்டவை உண்மை என்று ஒப்பமிட வேண்டும்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். ஆசீர் வெளியே வந்து, நீங்கள் இருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஒரு வார்த்தைய விட்டுட்டேன்க்கா," என்றான். "பயத்துல எல்லாரும் விடுவாங்கன்னு டாக்டர் சொல்லுதாரு. ஆனா மத்த கதை என்னன்னு உங்க அக்காட்ட கேட்டுத்தான் முடிவு சொல்லுவேங்கார்." படிவத்தை எட்டிப் பார்த்தான். "ஏன் ஒண்ணும் எழுதல? எழுது. மார்ச் ஏழு, வியாழக்கெழம. சுருள வாசிச்சிட்டு மறந்துட்டான்னு எழுது. அன்னைக்குத்தான ஆரம்பிச்சுது?"

எழுதத் தொடங்கினேன். மார்ச் என்று எழுதினேன். ஏழு என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. அம்மா, முப்பத்தோர் ஆண்டுகளில் நான் எத்தனையோ ஆயிரம் பக்கங்களுக்குக் கீழே, சரிபார்க்கப்பட்டது என்று ஒப்பமிட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும்.

"ஆசீர்," என்றேன், "சுருள் ஆறாம் தேதி வாசிக்கப்பட்டது."

அவன் யோசித்தான். அவன் யோசிக்கும்போது உதடு அசையும், சிறுவயதிலிருந்தே.

"ஆறு புதன்லா?" என்றான். "புதன் உன் நாளு."

"ஆம்."

"டைரியில நீ எழுதியிருந்தியே."

"முன்கூட்டியே எழுதிவிட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே கேட்டீர்கள். எழுந்து நின்றான். "அப்ப நான் வாசிக்கல," என்றான். அதையே மூன்று முறை சொன்னான், ஒவ்வொரு முறையும் குரல் ஏறிக்கொண்டே போனது. "நான் வாசிக்கலக்கா! நாலு மாசம்! அடுப்ப நாப்பது தடவ போய்ப் பாத்தேன். ராத்திரி எந்திரிச்சு எம் பேர நானே சொல்லிப் பாத்தேன். நீ டப்பாவுல மாத்திர போட்டுக் குடுத்தியே, கையி நடுங்கலையா உனக்கு? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." பிறகு, "கவசம் போனாப் போவுது, நம்மாளு செத்தாச் சாவட்டும், எழுத்துல நீ எழுதினத நம்புனேனே!" என்றான்.

அமைதியாகப் பேசு, எல்லாரும் பார்க்கிறார்கள் என்றேன். அதுவும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அது தவறான சமயத்தில் சொன்ன சரியான வாக்கியம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியபோது என் தம்பியாக இருந்தான். தாழ்த்திக்கொண்டபோது ஏதோ ஸ்டேஷனில் டிக்கெட் இல்லாத பயணியிடம் பேசுவதுபோல் இருந்தது. "பெனிட்டாவுக்கு நானே போன் பண்ணிக்கிடுதேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றான். நீங்க என்றான், கவனித்தீர்களா? எழுபத்திரண்டு வருடங்களில் என்னை அவன் அப்படி அழைத்ததில்லை. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான். இந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாலையைக் கடக்கும்போது இருபுறமும் சரியாகப் பார்த்தான். பாளையங்கோட்டைப் பேருந்து எந்தப் பக்கம் நிற்கும் என்று யாரையும் கேட்கவில்லை. ஏறிப் போய்விட்டான்.

நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்று கேட்கிறீர்கள். படிவம் முடியவில்லை. ஏழு என்று பாதி எழுதியதை அடித்துவிட்டேன். என் கையெழுத்தில் ஓர் அடித்தல். அதன் பக்கத்தில் எழுதினேன்: கவனிக்கப்பட்ட மறதி ஏதுமில்லை. மார்ச் ஆறாம் தேதிப் பதிவு தவறானது. பதிந்தவர் கீழே ஒப்பமிட்டவர். இடம் போதாமல் ஓரத்தில் எழுத வேண்டியதாயிற்று. வாசித்துப் பாருங்கள், பொருள் தெளிவாக இருக்கிறதா? இருக்கிறதா? நன்றி.

இதோ, சிஸ்டர் வருகிறார். இங்கே இருக்கிறேன், சிஸ்டர். இந்தாருங்கள், முடித்துவிட்டேன். அவனா? அவன் போய்விட்டான். ஆம், தனியாகத்தான். என்ன கேட்டீர்கள்? கூட வந்த என்னை மறந்துவிட்டுப் போய்விட்டானா என்றா?

இல்லை, சிஸ்டர். மறக்கவில்லை. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.